லூயிஸ் புரூக்ஸைத் திரையிடுவதற்கு முன்: எந்தப் படம், எந்தப் பிரதி, எந்தக் கதை

கேள்வி: எங்கள் திரைப்படச் சங்கத்தில் அடுத்த மாதம் ஒரு மாலையை அமெரிக்க மௌனப்பட நடிகை லூயிஸ் புரூக்ஸுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஒரு படம் போடத்தான் நேரம் இருக்கிறது. இணையத்தில் ஒரே படம் வெவ்வேறு நீளங்களில் கிடைக்கிறது; எதை எடுப்பது? அவரைக் கிறுக்குப் பிடித்த நடிகை என்றே பலரும் எழுதுகிறார்கள். அறிமுக உரையை அப்படியே தொடங்கலாமா?

பதில்: ஒரே படம் என்றால் ‘பண்டோராஸ் பாக்ஸ்’தான். ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் பெர்லினில் இயக்கி 1929 பிப்ரவரியில் வெளியான ஜெர்மன் படம் இது. புரூக்ஸ் அமெரிக்காவில் நடித்தவற்றுள் 1928இல் வில்லியம் வெல்மன் இயக்கிய ‘பெகர்ஸ் ஆஃப் லைஃப்’ மிகச் சிறந்தது. தன்னைச் சீரழிக்க வந்த வளர்ப்புத் தந்தையைச் சுட்டுவிட்டு, ஆண் வேடத்தில் சரக்கு ரயில் ஏறித் தப்பும் பெண்ணாக அதில் வருகிறார். நீளம் குறைந்த படம் வேண்டுமென்றால் அதைப் போடலாம். ஆனால் இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது பாப்ஸ்ட் படத்தின் நாயகி லூலுவாக அவர் நடித்ததனால்தான்.

இந்தப் படம் வெளியான காலத்திலேயே நாட்டுக்கு நாடு வெட்டுப்பட்டது. லூலுவின் மீது கெஷ்விட்ஸ் என்ற சீமாட்டி கொண்ட காதல் சில பிரதிகளில் அடையாளம் தெரியாமல் மழுங்கடிக்கப்பட்டது. லண்டன் பனிமூட்டத்தில் பெண்களைக் கொல்லும் ஜாக் தி ரிப்பரின் கத்திக்கு லூலு இரையாகும் முடிவையே மாற்றி, அவள் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பில் சேர்ந்து பிழைத்துக்கொள்வதாக முடித்த பிரதியும் உண்டு. ஆகவே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் பிரதி கண்ணில் பட்டால் ஒதுக்கிவிட்டு, 2 மணி 10 நிமிடத்துக்குக் குறையாத, புனரமைக்கப்பட்ட பிரதியைத் தேடுங்கள். ஓடும் வேகத்தையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது நல்லது. பேசும் படத்துக்கு விநாடிக்கு 24 சட்டகம் என்பது பிற்பாடு நிலைபெற்ற கணக்கு. அதற்கும் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டிய மௌனப்படத்தை அந்த வேகத்தில் ஓட்டினால் எல்லாரும் விறுவிறுவென்று பொம்மை போல நடப்பார்கள், கூட்டம் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிக்கும். மௌனப்படம்தானே என்று இசையில்லாமலும் ஓட்டிவிடாதீர்கள். இடையிடையே வரும் எழுத்துகளை யாராவது தமிழில் படித்துச் சொல்லலாம். மௌனப்படக் காலத்தில் நம் கொட்டகைகளில் திரையோரம் நின்று கதை சொன்னவர்கள் செய்த வேலைதான் அது.

உரிமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், 1929ஆம் ஆண்டின் மூலப்படத்தில் சிக்கலிருக்காது. ஆனால் புனரமைத்த பிரதியோடு வரும் புதிய இசைக்குத் தனி உரிமை இருக்கும். அந்த வெளியீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, பொதுத் திரையிடலுக்கு அனுமதி பெற்றுவிடுங்கள்.

இனி உரைக்கு வருவோம். கிறுக்கு என்று தொடங்காதீர்கள். அவரைப் பற்றி வழங்கும் கதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் மிஞ்சுவது ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல்தான். கான்சாஸ் மாநிலத்தின் செர்ரிவேலில் 1906இல் பிறந்த புரூக்ஸ், 15 வயதில் ரூத் செயின்ட் டெனிஸும் டெட் ஷானும் நடத்திய டெனிஷான் நடனக் குழுவில் சேர்ந்தார். ‘ராதா’ என்று பெயரிட்ட நடனத்தால் புகழ்பெற்ற அதே செயின்ட் டெனிஸ்தான், வாழ்க்கையை வெள்ளித் தட்டில் வைத்து நீட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய் என்று எல்லார் முன்னிலையிலும் கண்டித்து 1924இல் இவரைக் குழுவிலிருந்து நீக்கினார். பிறகு நியூயார்க்கின் சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற ஆடல்பாடல் நிகழ்ச்சியின் மேடையில் ஆடி, பாரமவுண்ட் நிறுவனத்தின் ஒப்பந்த நடிகையானார்.

உரையின் நடுவில் வைக்க வேண்டியது 1928ஆம் ஆண்டின் சம்பளத் தகராறு. பேசும் படம் வந்துவிட்டதைக் காரணம் காட்டி, ஒப்பந்தப்படி தர வேண்டிய உயர்வைத் தராமல், வாரம் 750 டாலருக்கே இருப்பதானால் இரு, இல்லையென்றால் போகலாம் என்றார் ஸ்டுடியோ தலைவர் பி. பி. சூல்பெர்க். புரூக்ஸ் போய்விட்டார். பெர்லினிலிருந்து பாப்ஸ்ட் தன்னைக் கேட்டுத் தந்தி அடித்திருந்த செய்தியே, விலகுவதாகச் சொன்ன பிறகுதான் தனக்குத் தெரியவந்தது என்று அவர் பின்னாளில் எழுதினார். அதற்குள் அவர் மௌனமாக நடித்து முடித்திருந்த ‘தி கேனரி மர்டர் கேஸ்’ படத்தைப் பேசும் படமாக்க முடிவெடுத்து, குரல் கொடுக்க ஸ்டுடியோ கூப்பிட்டது, அவர் வரவில்லை. மார்கரெட் லிவிங்ஸ்டனைப் பேசவைத்தார்கள். புரூக்ஸின் குரல் ஒலிப்பதிவுக்கு ஒத்துவராது என்ற பேச்சு அப்போது கிளப்பிவிடப்பட்டதுதான். பிந்தைய பேசும் படங்களில் அவர் குரலைக் கேட்டவர்களுக்கு அது பொய் என்று தெரியும்.

இதைச் சொல்லிவிட்டு, படத்தின் மேடைப்பின்புறக் காட்சியைக் கவனிக்கச் சொல்லுங்கள். மேடையில் ஆட வேண்டிய லூலுவின் காதலர் ஷூன் வேறொருத்தியை மணக்கப் போகிறார். அவளையே கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்திருக்கிறார். உலகம் முழுக்க என் ஆட்டத்தைப் பார்க்கட்டும், அவள் முன்னால் ஆட மாட்டேன் என்கிறாள் லூலு. சாமான் அறையில் ஷூன் அவளைப் பிடித்து உலுக்குகிறார். அவள் விழுந்து காலை உதைத்து அழுகிறாள். சற்று நேரத்தில் அழுகை சிரிப்பாகிறது, அணைப்பாகிறது. கதவைத் திறந்துகொண்டு அந்த மணப்பெண் வந்து நிற்கும்போது லூலுவின் முகத்தில் ஒரு வெற்றிப் பார்வை படர்வதைப் பாருங்கள்; அதற்குப் பிறகு அவள் ஆடத் தயார். ஷூனாக நடித்த ஃப்ரிட்ஸ் கோர்ட்னருக்கு உண்மையிலேயே தன்னைப் பிடிக்காது என்றும், அந்த உலுக்கலில் பத்து விரல்களும் தன் கைகளில் கன்றிப் பதிந்தன என்றும், அதில் அவருக்கும் பாப்ஸ்டுக்கும் பரம திருப்தி என்றும் புரூக்ஸ் எழுதியிருக்கிறார்.

பிற்கால வாழ்க்கையை விரைவாகச் சொன்னால் போதும். 1938க்குப் பிறகு படமில்லை. நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றார். 1950களில் பாரிஸில் திரைப்படக் காப்பகம் நடத்திய ஆன்ரி லாங்லுவா அவரைக் கொண்டாட, ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லம் என்ற அருங்காட்சியகத்தில் பழைய படங்களைச் சேகரித்த ஜேம்ஸ் கார்ட் அவரை நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டருக்கு அழைத்துவர, அங்கே பழைய படங்களைப் பார்த்துக் கூர்மையான கட்டுரைகள் எழுதினார். அவை 1982இல் நூலாயின, 1985இல் இறந்தார். எழுதிய தன்வரலாற்றை அவர் தாமே நெருப்பில் போட்டார் என்ற செய்தியை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். என் கண்ணுக்கு அதுவும் இன்னொரு ‘மாட்டேன்’தான்.

படம் முடிந்ததும் புரூக்ஸின் குட்டையாக வெட்டிய தலைமுடியைப் பற்றி ஒருவராவது கேட்பார். அந்தக் குட்டை முடியை அவர் கண்டுபிடிக்கவில்லை. கொலீன் மூர் போன்றோர் அவருக்கு முன்பே அதோடு திரையில் வந்தாயிற்று. புரூக்ஸுக்கோ அது சிறுவயதிலிருந்தே இருந்த கோலம். கடைசிப் படமான ‘ஓவர்லேண்ட் ஸ்டேஜ் ரெய்டர்ஸ்’ஸில், ஜான் வெய்னுக்கு ஜோடியாக, அவர் நீண்ட முடியோடு நிற்கிறார், பெயர்ப் பட்டியலைப் பார்க்காமல் உட்காருபவர்கள் அவரைக் கவனிக்காமலே எழுந்து போய்விடுவார்கள்.