பகுதி நேர விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா? சான் ஹோசேவிலிருந்து ஒரு பதில்

தங்கச்சி, உன் கேள்வியை மற்றவர்களும் படிக்கிற மாதிரி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியிருக்கிறாய். எம்.ஏ., எம்.ஃபில். முடித்திருக்கிறாய், பிஎச்.டி. இல்லை. கணவரின் வேலைக்காக, எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் எச்-4 விசாவில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே வந்து சில மாதம் ஆகிறது. இங்கே கல்லூரிக் கட்டுரை எழுத்தும் அலுவலக எழுத்தும் கற்பிக்கப் பகுதி நேர விரிவுரையாளர்கள் வேண்டும் என்று ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறாய். "அக்கா, போடலாமா? நம்ம ஊர் இங்கிலீஷை இங்கே ஏத்துப்பாங்களா?" என்று கேட்கிறாய். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நீ காட்பாடி, நான் குடியாத்தம். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

தாராளமாகப் போடலாம். எப்போது போடுவது, எதைக் காட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் விசா. வெறும் எச்-4 வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. இ.ஏ.டி. என்கிற வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015 மே மாதத்திலிருந்து எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு அது கிடைக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருப்பதால் எச்-1பி விசாவுக்கு உள்ள ஆறு வருட வரம்பைத் தாண்டி அவருக்கு நீட்டிப்பு கிடைத்திருக்க வேண்டும். இதை இன்றைக்கே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள். "சம்பளம் வேண்டாம், சும்மா ஒரு வகுப்பு எடுக்கிறேன்" என்பதும் சரிப்படாது. மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற வேலையை இலவசமாகச் செய்தால் அது தொண்டில் சேராது. "ஒண்ணும் ஆகாது, போ" என்று யார் சொன்னாலும் கேட்காதே. மாட்டிக்கொண்டால் உன் விசாவும் கிரீன் கார்டும் சிக்கலாகும்.

படிக்க மட்டும் தடையில்லை. எச்-4 விசாவிலேயே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில், சேரலாம்; பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான டீசால் சான்றிதழ் படிக்கலாம். பொது நூலகங்களில் வயது வந்தவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் திட்டங்கள் உண்டு. அவை தன்னார்வலர்களை வைத்தே நடப்பவை. அட்டைக்காகக் காத்திருக்கும் காலத்தில் அங்கே போ. இங்கே உள்ளவர்களுக்கு ஆங்கிலத்தில் எங்கே இடறுகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த அனுபவத்தை விண்ணப்பத்திலும் எழுதலாம்.

அடுத்து பட்டம். பிஎச்.டி. இல்லையே என்று தயங்காதே. கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் ஆங்கிலம் கற்பிக்க மாநிலம் முழுக்கக் குறைந்தபட்சத் தகுதி ஒன்று வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் எம்.ஏ. அதற்குப் போதும். பல்கலைக்கழகங்களிலும் எழுத்து வகுப்புக்கான பகுதி நேர இடங்களுக்குப் பெரும்பாலும் எம்.ஏ.வும் கற்பித்த அனுபவமும்தான் கேட்பார்கள். நம் பட்டத்தை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்க வேண்டும். அதற்கு உன் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (பாட, மதிப்பெண் விவரம்) நேராக அந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும். நீ திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் படித்தவள் என்றால், அப்பாவையோ அண்ணனையோ சேர்க்காட்டுக்கு ஒரு நடை அனுப்பு. அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது 2002இல். அதற்கு முன்னால் நம் பக்கம் படித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம்தான், அவர்கள் சேப்பாக்கம் போக வேண்டும். இது நாள் பிடிக்கிற வேலை, இப்போதே தொடங்கிவிடு. எம்.ஃபில். என்றால் இங்கே பலருக்குப் புரியாது. "எம்.ஏ.வுக்கு மேல் ஆய்வேட்டுடன் கூடிய பட்டம்" என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுது, போதும்.

எங்கே போடுவது? ஒரே விளம்பரத்தை நம்பி உட்காராதே. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் 100டபிள்யூ என்று ஒரு வகுப்பு உண்டு. மேல் ஆண்டு மாணவர்கள் தங்கள் துறைக்கேற்ற எழுத்தைப் பழகும் வகுப்பு அது. பொறியியல் மாணவருக்குத் தனி 100டபிள்யூ, வணிகவியல் மாணவருக்குத் தனி. அறிக்கை, திட்ட முன்மொழிவு, மெமோ என்று போகும். கம்யூனிட்டி காலேஜ்களில் முதலாண்டுக் கட்டுரை வகுப்புதான் பெரிது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து மாநிலம் முழுக்க அதற்கு இங்கிலீஷ் சி1000 என்று ஒரே எண். குப்பர்டினோவில் டி ஆன்சா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் ஃபுட்ஹில், சாண்டா கிளாராவில் மிஷன், சரடோகாவில் வெஸ்ட் வேலி, சான் ஹோசேவிலேயே சிட்டி காலேஜும் எவர்கிரீன் வேலியும், ஃப்ரீமான்ட்டில் ஓலோனி. இவை பகுதி நேர ஆசிரியர்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். விளம்பரம் திறந்திருக்கிறது என்றால் காலியிடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தேவைப்படும்போது அந்தப் பட்டியலிலிருந்து கூப்பிடுவார்கள்.

கம்யூனிட்டி காலேஜ்களை நிர்வகிக்கும் அமைப்பைக் கல்லூரி மாவட்டம் என்பார்கள். ஒரு மாவட்டத்தில் பகுதி நேர ஆசிரியர் ஒருவர் முழு நேரப் பளுவில் 67 விழுக்காட்டுக்கு மேல் கற்பிக்கக்கூடாது என்பது சட்டம். டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் ஒரே மாவட்டம், மிஷனும் வெஸ்ட் வேலியும் ஒரே மாவட்டம். அதனால் இதை வைத்தே பிழைக்கிறவர்கள் காலையில் ஒரு ஊர், மத்தியானம் ஒரு ஊர் என்று காரிலேயே பாதி நாளைக் கழிக்கிறார்கள். நம் ஊர் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் படும் பாட்டை நீ கிட்டே இருந்து பார்த்திருப்பாய். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று யு.ஜி.சி. 2019இல் சொன்னது, கையில் வருவது என்ன என்பது உனக்குத் தெரியும். இங்கே தொகை பெரிது, ஆனால் நிலை வேறல்ல. பருவத்துக்குப் பருவம்தான் வேலை. மாணவர் போதுமான அளவு சேராவிட்டால் வகுப்பை ரத்து செய்வார்கள். முழு நேரப் பேராசிரியர் ஒருவருக்கு வகுப்பு குறைந்தால் உன்னுடையதை எடுத்து அவருக்குக் கொடுப்பார்கள். எனக்கு இது நடந்திருக்கிறது, பருவம் தொடங்குகிற வாரத்தில். பாடத்திட்டம் எழுதி முடித்து வைத்திருந்தேன்.

ஆகவே இந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் கணக்குப் போடாதே. உரிமைகளைத் தெரிந்துவைத்துக்கொள். மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் வகுப்புப் பளுவை யூனிட் கணக்கில் அளப்பார்கள்; விரிவுரையாளருக்கு முழு நேரம் என்பது 15 யூனிட். மூன்று யூனிட் வகுப்பு இரண்டு எடுத்தால் முழு நேரத்தில் 0.4 பங்கு ஆகும், அந்த அளவிலிருந்து மருத்துவக் காப்பீடு உண்டு. ஆறு வருடம் தொடர்ந்து கற்பித்தால் மூன்று வருட நியமனத்துக்குத் தகுதி வரும். மாணவர் சேர்க்கையைப் பொறுத்து அமையும் வேலையை உறுதியான வேலையாகக் கொள்ளக்கூடாது என்று 1989இல் செர்விசி வழக்கில் தீர்ப்பு வந்தது. அதனால் பருவங்களுக்கு இடையே வேலையில்லாக் காலத்துக்கு உதவித்தொகை கேட்கப் பகுதி நேர ஆசிரியர்களுக்கு வழி இருக்கிறது. ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்துவிடு. இதெல்லாம் சங்கம் போராடிக் காப்பாற்றி வருவது.

இப்போது முக்கியமான விஷயம். உன்னை எடுப்பவர்கள் பார்க்கப்போவது ஒரு மாணவரின் வரைவை நீ எப்படிப் படித்துத் திருப்பிக் கொடுக்கிறாய் என்பதைத்தான். நீ எந்தக் கவிஞரில் ஆய்வு செய்தாய் என்பது அடுத்த கதை. பல கல்லூரிகள் விண்ணப்பத்தோடு திருத்திய தாள் ஒன்றைக் கேட்கும், அல்லது நேர்முகத்தில் ஒரு தாளைக் கொடுத்து "இதற்கு என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்பார்கள்.

என் வகுப்பில் ஒரு மாணவர், வீட்டு உரிமையாளருக்கு வெந்நீர் வரவில்லை என்று கடிதம் எழுதினார். முதல் பத்தியில் எத்தனை வருடமாகக் குடியிருக்கிறோம், எவ்வளவு ஒழுங்காக வாடகை கட்டுகிறோம். இரண்டாம் பத்தியில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கடைசி வரியில்தான் வெந்நீர் வந்தது, அதுவும் "கவனிக்க முடியுமா" என்று. எப்போதிலிருந்து, எந்தக் குளியலறை, எப்போது ஆள் வரலாம், ஒன்றும் இல்லை. நாம் ஊரில் செய்வது போல் செய்திருந்தால் சிவப்பு மையில் காலப்பிழை, முன்னிடைச்சொல் பிழை எல்லாவற்றையும் சுழித்து, கீழே பத்துக்கு நாலு என்று போட்டிருப்போம். நான் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "இதைப் படித்து முடித்ததும் வீட்டு உரிமையாளர் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அது எந்த வரியில் இருக்கிறது?" அடுத்த வரைவில் கடைசி வரி முதல் வரியாக வந்தது. அம்மாவின் உடல்நிலை, அவசரம் ஏன் என்பதற்கான காரணமாக அதற்குக் கீழே போய் உட்கார்ந்தது. இலக்கணத்தில் அவர் திரும்பத் திரும்பச் செய்த ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்துக் காட்டினேன்.

இந்த வேலையின் சாரம் இதுதான், இது எனக்கு மிகவும் பிடித்த வேலையும்கூட. ஆனால் நேரத்தைத் தின்னும். ஒரு வகுப்பில் 25 பேர், பருவத்துக்கு நான்கு கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரைவு என்றால் 200 தாள். ஒன்றுக்கு 20 நிமிடம் வைத்தால் 66 மணி நேரத்துக்கு மேல். ஒரே ஒரு வகுப்புக்கு, வகுப்பறைக்கு வெளியே. அதற்குத் தனியாகச் சம்பளம் பார்க்க முடியாது. எழுத்து வகுப்பில் 20 பேருக்கு மேல் வேண்டாம் என்று இந்த நாட்டின் கல்லூரி எழுத்து ஆசிரியர் அமைப்பே சொல்கிறது, எல்லாக் கல்லூரிகளும் கேட்பதில்லை. முதல் பருவத்தில் ஒரு வகுப்புக்கு மேல் ஒத்துக்கொள்ளாதே.

மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள், பத்துப் பதினைந்து நிமிடம். அதற்கு உன்னிடம் நம் ஊர்ச் சரக்கு நிறையவே இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதித் தருபவரை நினைத்துப் பார். "யாருக்கு? என்ன வேணும்?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். பெறுநர், பொருள், பார்வை என்று மேலேயே போட்டுவிடுவார். வாசகர் யார், நோக்கம் என்ன என்று இங்கே பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வது இதைத்தான். ஒரு பட்டா மாறுதல் மனுவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, "இதைப் படிக்கும் அதிகாரி எந்த வரியில் நிற்பார்?" என்று கேட்டு வகுப்பைத் தொடங்கினால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நீ எங்கிருந்து வருகிறாய் என்பதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறாய். வேண்டாம். இந்த ஊர் வகுப்பறையில் வியட்நாம், மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், பஞ்சாப் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். நம்மிடம் திருத்திக்கொள்ள வேண்டியது வேகம் ஒன்றுதான். கொஞ்சம் நிறுத்திப் பேசு.

இன்னொன்று, ஊரில் பெற்றோர் போன் செய்து "என் பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் சொல்லிவிடுவோம். இங்கே 1974இல் வந்த ஃபெர்பா என்கிற மாணவர் தனியுரிமைச் சட்டப்படி மதிப்பெண் விவரம் மாணவருக்குச் சொந்தம். கல்லூரி வழியாக மாணவரின் சம்மதம் தெரியாமல் யாரிடமும் வாயைத் திறக்காதே. சாட்ஜிபிடி பற்றிய கேள்வி நேர்முகத்தில் நிச்சயம் வரும். தடை, தண்டனை என்று பேசுவதைவிட, வரைவு வரைவாக எழுதவைத்து இடையில் மாணவரோடு உட்கார்ந்து பேசுவேன் என்று சொல், செய்யவும் செய்.

இலையுதிர் பருவம் பல கல்லூரிகளில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். ஜூலை, ஆகஸ்டில்தான் திடீரென்று ஆள் தேவைப்படும்; டிசம்பர், ஜனவரியில் மறுபடியும். அந்த நாட்களில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடு. இ.ஏ.டி. காலாவதி ஆகிறதென்றால் 180 நாள் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். பருவத்தின் நடுவில் அட்டை முடிந்துபோனால் வகுப்பை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

நீ வேலூரில் திருத்திய பழைய தாள்களில் ஏதாவது ஒன்றின் படம் போனில் இருந்தால், மாணவர் பெயரை அழித்துவிட்டு அதைப் புதிதாக ஒருமுறை திருத்திப் பார். சிவப்பு மை வேண்டாம், ஓரத்தில் கேள்விகள் மட்டும். எனக்கு அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன்.