வீட்டுக்கு லேத் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு சின்னச் சின்ன நீராவி எஞ்சின் மாடல்கள் செய்ய ஆசை. ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். வீட்டில் கார் நிறுத்தும் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. ஆன்லைனில் சீன மினி லேத் (மேஜையில் வைக்கும் சிறிய கடைசல் எந்திரம்) புதிதாகக் கிடைக்கிறது. அந்தக் காசுக்குப் பழைய நாலரை அடி லேத்தே வாங்கலாம் என்கிறார் தெரிந்த பட்டறைக்காரர். எதை வாங்குவது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அந்த ‘நாலரை அடி’ என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். நம் ஊரில் லேத்துக்கு பெட்டின், அதாவது அடியில் இருக்கும் தண்டவாளத்தின், நீளத்தைச் சொல்லித்தான் விலை பேசுவார்கள். நாலரை அடி பெட் என்றால் நாலரை அடி ஜாப் (கடையும் பொருள்) பிடிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜாப்பைச் சுற்றும் ஹெட் ஸ்டாக்கும் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கும் உட்காரும் இடம் போக, அவற்றின் இரண்டு சென்டர் முனைகளுக்கும் நடுவே கிடைப்பது சுமார் 700 மி.மீ. மினி லேத் விற்பவர்களின் கணக்கு வேறு. ‘7க்கு 14’ என்றால் பெட்டுக்கு மேலே 7 அங்குலம், அதாவது 180 மி.மீ. விட்டம் சுற்றும், சென்டருக்கு நடுவே 14 அங்குலம், அதாவது 350 மி.மீ. இருக்கும். ஆனால் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடுக்கு மேலே சுற்றக்கூடிய விட்டம் 110 மி.மீ. அளவுதான். விளம்பரத்தில் பெரிய எண்தான் முன்னால் நிற்கும். நீங்கள் இந்தச் சின்ன எண்ணைக் கேளுங்கள்.

மினி லேத்தின் எடை 40 கிலோ சொச்சம். இரண்டு பேர் தூக்கி மேஜையில் வைத்துவிடலாம். வேகத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். மாடல் வேலைக்கு இந்த வேகம் மிகவும் உதவும். 5 மி.மீ. பித்தளைக் கம்பியை நிமிடத்துக்கு 60 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைய ஏறக்குறைய 3,800 சுற்று வேண்டும். பழைய லேத்துகள் பலவும் 1,000 சுற்றைக்கூடத் தொடாது. மினி லேத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. குறைந்த சுற்றில் மோட்டாருக்கு இழுவை போதாது. ஹெட் ஸ்டாக்குக்குள் பெரும்பாலும் பிளாஸ்டிக் கியர்தான் இருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டால், வேறு போர்டு வரும்வரை எந்திரம் சும்மாதான் கிடக்கும். விற்பவரிடம் அந்த கியருக்கும் போர்டுக்கும் இப்போது ஸ்டாக் இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அவரிடம் வாங்காதீர்கள்.

மாடியில் குடியிருப்பவருக்கு நான் மினி லேத்தைத்தான் சொல்வேன். குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ கூடுதல் சுமை தாங்கும்படிதான் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். அரை டன் லேத் இரண்டே கால்களில் நின்றால் அந்தச் சுமை முழுவதும் சிறு இடத்தில் இறங்கும். உங்களுக்குத் தரைத்தளம் இருக்கிறது. ஊரும் கோவை. பம்பும் நூற்பு எந்திரமும் செய்து வளர்ந்த ஊர் அது. புஷ் போட, கியர் வெட்ட, பெட் கிரைண்டிங் செய்ய ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஆகவே என் ஓட்டு பழைய லேத்துக்கு. கனமான வார்ப்பிரும்பு அதிர்வை அடக்குகிற அளவுக்கு லேசான எந்திரம் எதுவும் அடக்காது. வேகம் அதிகமுள்ள மாடலாகப் பார்த்துத் தேடுங்கள். ஒன்றரை லட்சத்தையும் எந்திரத்திலேயே போட்டுவிட வேண்டாம். சக் (ஜாப்பைப் பிடிக்கும் தாடை), டூல், அளவுக் கருவி, வயரிங், இறக்கி வைக்கும் கூலி எல்லாம் சேர்ந்தால் எந்திர விலையில் பாதியைத் தாண்டிவிடும்.

கேள்வி: பழைய எந்திரக் கடையில் ஒரு லேத் பார்த்தேன். புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. நல்லதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஈரோடு வாசகர்)

பதில்: பெயின்டைப் பார்க்காதீர்கள். மேக்னெட் ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ் (சிறு ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் கருவி), ஒரு மைக்ரோமீட்டர், டார்ச், 30 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பித் துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அனுபவமுள்ள டர்னர் (லேத் ஓட்டுபவர்) ஒருவரை ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். நீங்கள் செய்கிற செலவிலேயே லாபமான செலவு அதுதான்.

முதலில் பெட். தேய்மானம் எப்போதும் சக்குக்கு முன்னால் உள்ள ஒன்றரை அடியில்தான் இருக்கும், ஏனென்றால் வேலை நடப்பது அங்கேதான். டூலைத் தாங்கி பெட் மேல் நகரும் சேடிலை சக் பக்கம் கொண்டு வந்து, அதன் லாக் போல்ட்டை லேசாக இறுக்கி, கொஞ்சம் கனமாக நகரும்படி வையுங்கள். அப்படியே டெயில் ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். போகப் போக இறுகி நின்றுவிட்டால், சக் பக்கத்துப் பெட் தேய்ந்திருக்கிறது. நகத்தால் பெட்டின் ஓரத்தைத் தடவுங்கள். படி மாதிரி ஒரு விளிம்பு தட்டுப்பட்டால் தேய்மானம் அதிகம்.

அடுத்தது சக்கைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டில். உள்ளே இருக்கிற டேப்பரில் (கூம்புத் துளையில்) டயலை வைத்துக் கையால் சுற்றுங்கள். முள் 0.02 மி.மீ.க்குள் ஆடினால் நம் வேலைக்குப் போதும். பிறகு சக்கில் கனமான கம்பியைப் பிடித்து, டயலை சக்கின் உடம்பில் வைத்து, மரக்கட்டையை நெம்புகோலாக வைத்துக் கம்பியை மேலே தூக்குங்கள். 0.03 மி.மீ.க்கு மேல் எழும்பினால் பேரிங்கைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். ஆட்டத்தைச் சரிசெய்ய வழி உள்ள பேரிங் என்றால் பயமில்லை. தேய்ந்துபோன பேரிங்கா, இறுக்காமல் விட்டதா என்பதை டர்னர் சொல்லிவிடுவார். கூடவே, எந்திரத்தை அதிக வேகத்தில் கால் மணி நேரம் ஓட விடுங்கள். ஹெட் ஸ்டாக் வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் விட்டுவிடுங்கள்.

கியர்களை டார்ச் அடித்துப் பல் பல்லாகப் பாருங்கள். உடைந்த பல்லை வெல்டிங் வைத்து ராவியிருப்பார்கள், நிறம் காட்டிக்கொடுக்கும். மரை வெட்டுகிற சேஞ்ச் கியர் செட் முழுதாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பழைய கடைகளில் முதலில் காணாமல் போவது அதுதான். மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் இருந்தால், மி.மீ. மரையைத் துல்லியமாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். அது இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கடைசியில் ஒரு வெட்டு போடாமல் வராதீர்கள். கம்பியை 100 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்து, டெயில் ஸ்டாக் தாங்கல் இல்லாமல், கடைசி வெட்டை மிக மெல்லியதாக எடுங்கள். இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் பாருங்கள். வித்தியாசம் 0.02 என்றால் அருமை. 0.1 வந்தாலும் உடனே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைத் தரையில் லெவல் செய்யாமல் நிற்கும் லேத்தில் பெட் முறுக்கிக்கொண்டாலும் இப்படி வரும், வீட்டில் லெவல் செய்து போல்ட் போட்டால் சரியாகிவிடும். பெட் தேய்மானத்துக்குச் சொன்ன முதல் சோதனையும் இதுவும் சேர்ந்து தோற்றால்தான் கவலை.

ஒரு விஷயம். கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் கால் சுற்று வீணாக ஓடினால் பலரும் பயந்து பின்வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் கன்மெட்டல் (வெண்கல வகை) நட்டின் தேய்மானம். புது நட்டு செய்து போடுவது சின்ன வேலை. பெட் கிரைண்டிங்தான் பெரிய செலவு. சின்னதை விலை குறைக்கப் பயன்படுத்துங்கள்; பெரியது இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

விலை படிந்ததும், நாலு தாடை சக், ஃபேஸ் பிளேட், ஸ்டெடி, கியர் செட், மோட்டார் என்று உங்களுக்குத் தருவதாகச் சொன்ன ஒவ்வொன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு பிறகு எதையும் கேட்பது கஷ்டம்.

கேள்வி: வாங்கப்போகும் லேத்தில் 2 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கிறது. வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். மோட்டாரை மாற்ற வேண்டுமா? (மதுரை வாசகர்)

பதில்: மாற்றாமலே சமாளிக்கலாம். சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் உள்ளே போய், த்ரீ ஃபேஸ் வெளியே வரும் விஎஃப்டி டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் பெட்டி) கிடைக்கிறது. ஆனால் வெளியே வருவதும் 230 வோல்ட்தான், 415 அல்ல. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த அளவு மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் (மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாக முடிந்தது) இருக்கும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனையும் வெளியே வந்திருந்தால் டெல்டாவாக (சுருள்களை முக்கோணமாக இணைப்பது) மாற்றி 230 வோல்ட்டில் ஓட்டலாம். மூன்றே முனை என்றால், ஸ்டார் முடிச்சு உள்ளே கட்டியிருக்கிறது என்று அர்த்தம், ரீவைண்டிங் கடைக்காரர் பிரித்து வெளியே எடுத்துத் தர வேண்டும். டிரைவ் வாங்கும் முன் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைக்காதீர்கள். ஓட்டுவது, நிறுத்துவது, திருப்பிச் சுற்றுவது எல்லாம் டிரைவின் கன்ட்ரோல் முனைகள் வழியாகவே நடக்கட்டும். பழைய லேத்தில் சக் மரையில் திருகி மாட்டியிருந்தால், சட்டென்று பிரேக் பிடிக்கும்படியோ சட்டென்று திரும்பும்படியோ டிரைவை அமைத்தால் சக் கழன்று ஓடிவிடும். நிற்கும் நேரத்தை நிதானமாக வையுங்கள். வேகத்தை டிரைவில் குறைத்தாலும் பெல்ட்டை எடுத்துவிட வேண்டாம். மெதுவாகச் சுற்றும் மோட்டாருக்கு விசிறிக் காற்றும் குறையும், இழுவைச் சக்தியும் கிடைக்காது. எர்த் உறுதியாக இருக்க வேண்டும். 2 ஹெச்.பி.க்கு மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுப்பது நல்லது.

கேள்வி: மில்லிங் எந்திரத்துக்குக் காசில்லை. ட்ரில்லிங் எந்திரத்தில் எக்ஸ்-ஒய் வைஸ் (இரு திசையில் நகரும் பிடிப்பான்) பொருத்தி எண்ட் மில் (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டர்) ஓட்டலாமா? (சேலம் வாசகர்)

பதில்: வேண்டாம். ட்ரில் சக், டேப்பரில் உராய்வால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழ்நோக்கி அழுத்தும்போது அது இறுகும். பக்கவாட்டில் இழுத்தால் அதிர்ந்து அதிர்ந்து கழன்று, சுற்றியபடியே விழும். எண்ட் மில்லின் மழமழப்பான கடினத் தண்டை ட்ரில் சக்கின் தாடை சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது. மில்லிங் எந்திரத்தில் மேலிருந்து ஒரு டிரா பார் டேப்பரை இழுத்துப் பிடித்திருக்கும். எண்ட் மில் காலெட்டில் (தண்டை இறுகப் பிடிக்கும் பிளவுக் குழாயில்) நிற்கும். லேத் இருந்தால், கிராஸ் ஸ்லைடில் பொருத்தி ஜாப்பை மேலும் கீழும் நகர்த்தும் வெர்டிகல் ஸ்லைடு வாங்கி, கட்டரை ஸ்பிண்டிலில் பிடித்து, சின்னச் சின்ன மில்லிங் வேலைகளைச் செய்யலாம். மெதுவான வேலைதான், ஆனால் பத்திரமானது.

பிறகு மில்லிங் எந்திரம் வாங்கும்போது உருண்டைத் தூண் உள்ளதைத் தவிருங்கள். நீளமான ட்ரில் மாற்ற ஹெட்டை உயர்த்தினாலே அது பக்கவாட்டில் திரும்பிவிடும், அதுவரை பிடித்து வைத்த அளவு போய்விடும். டவ்டெயில் (சாய்வுத் தடம் உள்ள) தூண் உள்ளதில் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கார்பைடு டூல் செட் வாங்கட்டுமா, ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) போதுமா? (திருச்சி வாசகர்)

பதில்: ஹெச்.எஸ்.எஸ். பிட் நான்கும் ஒரு பெஞ்ச் கிரைண்டரும் வாங்குங்கள். சின்ன எந்திரத்தின் வேகத்துக்கும் பலத்துக்கும் கூரான ஹெச்.எஸ்.எஸ்.தான் பொருத்தம். தீட்டக் கற்றுக்கொண்டால் வேண்டிய வடிவத்தை நீங்களே செய்துகொள்ளலாம். எம்.எஸ்.க்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால், 25 மி.மீ. கம்பிக்குச் சுமார் 320 சுற்று வரும். வார்ப்பிரும்பின் மேல்தோல் போன்ற கடினமான வேலைக்கு மட்டும் ஒரு கார்பைடு ஹோல்டர் போதும். அதில் பொருத்தும் இன்செர்ட்டை (வெட்டும் முனையை) நம்பகமான கடையில் வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மினி லேத்தின் ஹெட் ஸ்டாக்கில் விரிசல். டெயில் ஸ்டாக்கும் உயரம் ஒத்து வரவில்லை. “எந்திரத்துக்கு ரிட்டர்ன் கிடையாது, இது தொழில் சாமான், நுகர்வோர் நீதிமன்றம் போனாலும் செல்லாது” என்கிறார் விற்றவர். உண்மையா? (சென்னை வாசகர்)

பதில்: உண்மையில்லை. பயந்துவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வணிக நோக்கத்துக்காக வாங்குபவரைத்தான் விலக்கி வைக்கிறது. பொழுதுபோக்குக்காக வீட்டில் வைத்திருக்கும் லேத் வணிகம் அல்ல. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவரையும் அந்தச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பில்லில் யாருடைய ஜிஎஸ்டி எண் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வரியை மிச்சம் பிடிக்க நண்பரின் நிறுவனப் பெயரில் பில் போட்டிருந்தால், விற்றவரின் வாதத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். இனி வாங்குபவர்கள் சொந்தப் பெயரிலேயே பில் வாங்குங்கள்.

2020-இன் மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது. ‘ரிட்டர்ன் இல்லை’ என்று பக்கத்தில் போட்டிருந்தாலும் இது மாறாது. இப்போது செய்ய வேண்டியது இதுதான்: எந்திரத்தை மேலும் ஓட்டாதீர்கள், பிரித்துப் பழுது பார்க்காதீர்கள். விரிசல், டயல் கேஜ் அளவு, பெட்டி, அதிலிருக்கும் லேபிள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் மட்டும் பேசினால் பிறகு நிரூபிப்பது கஷ்டம். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, காலக்கெடு இரண்டு ஆண்டு.

கேள்வி: கையுறை போட்டுக்கொண்டு லேத் ஓட்டலாமா? இரும்புச் சுருள் கையைக் கிழிக்கிறது. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: சுற்றும் எந்திரத்தில் கையுறை கூடவே கூடாது. ஒரு நூல் மாட்டினாலும் கையை உள்ளே இழுத்துவிடும். லுங்கி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். சுருளை எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கம்பிக் கொக்கியால் இழுங்கள், பிரஷ்ஷால் தள்ளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு எந்திரத்தைப் போட்டால் அது முகத்தை நோக்கிப் பறக்கும். ஸ்பிரிங் வைத்த, தானே வெளியே வந்துவிடும் சாவி கடையில் கேட்டால் கிடைக்கும்.