ராத்திரி அசையாமல் கிடக்கும் மீன்: தூக்கமா, நோயா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுப் பின்புறம் கண்ணாடித் தொட்டிகள் வைத்துத் தங்கமீன், நியான் டெட்ரா, கிளவுன் லோச் வளர்த்து விற்கிறேன். சீக்கிரம் பெருக்கட்டும் என்று இரவு பகலாக டியூப்லைட் போட்டிருக்கிறேன். போன வாரம் ராத்திரி கரண்ட் போய் வந்ததும் எட்டிப் பார்த்தேன். தங்கமீன்கள் அடியில் ஆடாமல் நின்றன. டெட்ராவின் நீலக்கோடு வெளிறியிருந்தது. லோச் ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. என்ன மருந்து போடலாம்?

பதில்: மருந்து வேண்டாம் ஐயா. நீங்கள் பார்த்தது தூக்கம். வேறு குறி இல்லாதபோது மருந்தை ஊற்றினால், வடிகட்டியில் அம்மோனியாவைத் தின்று வாழும் நல்ல பாக்டீரியாவும் சாகக்கூடும். பிறகு தண்ணீர் கெட்டு நிஜமாகவே நோய் வரும்.

தங்கமீனுக்கும் டெட்ராவுக்கும் கண்ணை மூட இமை கிடையாது. திறந்த கண்ணோடுதான் உறங்கும். தங்கமீன் தலையைச் சற்றே தாழ்த்தி அடியோரம் நிற்கும். நியான் டெட்ரா இருட்டில் நிறம் இழக்கும். விளக்கு வந்த சில நிமிடங்களில் கோடு திரும்பப் பளிச்சிடும். கிளவுன் லோச் ஒருக்களித்துப் படுப்பது அதன் பிறவிப் பழக்கம்.

தூக்கமா, நோயா என்று அறியச் செவுளைப் பாருங்கள். டார்ச்சில் துணி சுற்றி, பக்கவாட்டில் மங்கலாக அடியுங்கள். தூங்கும் மீனின் செவுள் மூடி மெதுவாக, ஒரே சீராகத் திறந்து மூடும். விளக்கு போட்டால் கொஞ்ச நேரம் தடுமாறி, பிறகு நீந்தும், இரை எடுக்கும். செவுள் படபடவென்று அடித்தாலோ, துடுப்பை உடலோடு ஒட்டி வைத்திருந்தாலோ, உப்புத் தூள் தூவியதுபோல் புள்ளி இருந்தாலோ, பகலிலும் இரைக்கு வராவிட்டாலோ அது நோய். விடியும் முன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைவு. தொட்டியில் செடியும் பாசியும் இருந்தால் இரவில் அவையும் ஆக்சிஜனை இழுக்கும். கரண்ட் போகிற ஊரில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் டியூப்லைட்தான். இந்திய ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீனை வைத்து ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, தொடர் வெளிச்சம் அதன் தூக்கத்தை வெகுவாக அடக்கிவிடுவதைக் காட்டியது. கடல்மீன் குஞ்சு வளர்ப்பில் சில இனங்களுக்கு முழுநேர விளக்கு பலன் தருவது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு உங்கள் தொட்டிக்குப் பொருந்தாது. தங்கமீன் பெரும்பாலும் விடியற்காலையில்தான் முட்டையிடும்; இருட்டும் வெளிச்சமும் மாறி வருவதை வைத்தே அதன் உடல் பொழுதைக் கணிக்கிறது. விடியலே இல்லாத தொட்டியில் தாய்மீன் எந்த நேரத்தை நம்பி முட்டையிடும்? பாசி மண்டுவது வேறு.

ஒரு டைமர் வாங்கி, ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் மட்டும் விளக்கு எரியவிடுங்கள். முதலில் அறை விளக்கு, அரை மணி கழித்துத் தொட்டி விளக்கு. இருட்டிலிருந்து சட்டென்று பளீரென்று போட்டால் மீன் மிரண்டு கண்ணாடியில் முட்டும். டெட்ராவுக்கு இலை அடர்ந்த செடி, லோச்சுக்குப் பானை ஓடு அல்லது குழாய்த் துண்டு போடுங்கள்.

ஜூலைக் குளிரை மட்டும் தூக்கத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்புற அறையில் ராத்திரி தண்ணீர் குளிர்ந்தால் டெட்ராவும் லோச்சும் பகலிலும் மந்தமாகக் கிடக்கும். தெர்மாமீட்டரை விடியற்காலையில் பாருங்கள். டெட்ரா தொட்டியில் 24, லோச் தொட்டியில் 26 டிகிரிக்குக் கீழே போகாமல் ஹீட்டர் வையுங்கள். தங்கமீனுக்கு ஹீட்டர் தேவையில்லை.

லோச் வாங்குகிறவர்களிடம், அது படுக்கும் விதத்தை விற்கும்போதே சொல்லி அனுப்புங்கள். செத்துவிட்டது என்று நினைத்து உயிருள்ள மீனைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.