வாய் காட்டும் உடல்நோய்கள்: பல் மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 48. சென்ற ஓராண்டில் மூன்று முறை ஈறில் சீழ் கட்டியது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பல். எதிலும் சொத்தை இல்லை. பல் மருத்துவர் சர்க்கரைப் பரிசோதனை செய்துவரச் சொல்கிறார். இரண்டுக்கும் என்ன தொடர்பு?

பதில்: உங்கள் பல் மருத்துவர் செய்தது மிகச் சரி. சொத்தையில்லாத பற்களைச் சுற்றி இடம் மாறி மாறிச் சீழ் கட்டுமானால், கண்டறியப்படாத அல்லது கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயை முதலில் நினைக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களின் திறன் குறைகிறது. ஈறின் அழற்சி தணியாமல் நீடிக்கிறது. பல்லைத் தாங்கும் எலும்பு விரைவாகக் கரைகிறது, சிதைந்த திசுவோ மெதுவாகத்தான் ஆறுகிறது. வாய் வறட்சி, நாக்கெரிச்சல், துடைத்தால் பெயரும் வெண்படலம் ஆகியவையும் உடனிருந்தால் ஐயம் வலுக்கும். ஈறின் அழற்சியும் தன் பங்குக்கு இன்சுலினின் வேலையைத் தடுத்துச் சர்க்கரையைக் கூட்டுகிறது. ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்த பின் மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி வரை குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் கணவருக்கு அது 6.5 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் பொது மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி (பொது மருத்துவர் ஒருவர்): ஈறு வீங்கிய எல்லோரையும் இப்படிப் பரிசோதனைக்கு அனுப்பினால் வீண் செலவும் அச்சமும்தானே மிஞ்சும்? நோயறிதலை எங்களிடம் விட்டுவிடலாமே, டாக்டர்.

பதில்: நோயறிதல் உங்களுடையதுதான், டாக்டர், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஐயப்பட வேண்டிய கடமை முதலில் வாயைத் திறந்து பார்ப்பவருடையது. எல்லோரையும் அனுப்பச் சொல்லவில்லை. பற்காரையின் அளவுக்குப் பொருந்தாத எலும்பு இழப்பு, திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டி, பல் எடுத்த குழி ஆறாமை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலே அனுப்புகிறேன்.

2021ஆம் ஆண்டில் கொரோனா இரண்டாம் அலைக்குப் பின் நடந்ததை நீங்களும் அறிவீர்கள். அதுவரை உறுதியாக இருந்த மேல்தாடைப் பற்கள் திடீரென ஆடுகின்றன, கன்னம் மரத்துப்போகிறது, அண்ணம் நிறம் மாறுகிறது என்று வந்தவர்களுள் பலர் சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள். அந்தப் பற்களை வெறும் ஈறு நோய் என்று பிடுங்கியிருந்தால் கருப்புப் பூஞ்சை கண்ணுக்கும் மூளைக்கும் பரவ நாள் கொடுத்ததாகியிருக்கும். சர்க்கரை அளவையும் மருந்துகளையும் விசாரித்து, அன்றே ஸ்கேனுக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் அனுப்பிய இடங்களில் நோய் முன்கூட்டியே பிடிபட்டது.

கேள்வி (அதே மருத்துவர்): அது அசாதாரணக் காலம். அதை வைத்து அன்றாட வழக்கத்தை வகுக்க முடியுமா?

பதில்: பூஞ்சை அரிது, கட்டுப்பாடற்ற சர்க்கரை அரிதன்று. நான் வற்புறுத்துவது பல்லில் கைவைக்கும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை மட்டுமே: சர்க்கரை எவ்வளவு, என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள். எலும்புத் தேய்வுக்கும் எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் சோலெட்ரோனிக் அமிலம் என்னும் ஊசிமருந்தை ஏற்றிக்கொண்டவர், கேட்டால் தவிரத் தாமாகச் சொல்வதில்லை. அவருக்குப் பல் எடுத்த பின் தாடையெலும்பு அழுகி வெளியே தெரியும் நிலை வரக்கூடும்.

கேள்வி: நாக்கின் ஓரத்தில் ஒரு மாதமாக ஒரே புண். வலி இல்லை. பி காம்ப்ளெக்ஸ் எடுத்தும் ஆறவில்லை.

பதில்: வலி இல்லாததை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உரசும் பல் இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணுக்குத் திசுப் பரிசோதனை தேவை. பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எனக்கு மூன்று வாரமாக வாய்ப்புண். எந்த ஜெல் தடவலாம்?

பதில்: நேரில் பார்க்காத புண்ணுக்கு மருந்தின் பெயர் சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் என்று மேலே எழுதியது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி (பல் மருத்துவ மாணவி): பெம்பிகஸ் வல்காரிஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே தோலையும் வாயின் உட்தோலையும் தாக்கும்) நோயில் கொப்புளம் இருக்கும் என்று படித்தோம். நான் பார்த்த நோயாளியின் வாயில் கொப்புளமே இல்லை. கிழிந்தாற்போன்ற சிவந்த புண்கள் மட்டும் இருந்தன. எப்படி அடையாளம் காண்பது?

பதில்: நல்ல கேள்வி. கொப்புளத்தின் மேற்தோல் மிக மெல்லியது. சோறு உரசினாலே உடைந்துவிடும், ஆகையால் வாயில் முழுக் கொப்புளத்தைக் காண்பது அரிது. ஒழுங்கற்ற விளிம்புடைய புண்கள் உள்கன்னத்திலும் அண்ணத்திலும் ஈறிலும் வாரக்கணக்கில் ஆறாமல் நீடிக்கும். சாதாரண வாய்ப்புண் வட்டமாக வந்து, பத்து நாளில் ஆறி, பின்னர் வேறிடத்தில் வரும். கெட்டியான ஈறிலும் அண்ணத்தின் முன்பகுதியிலும் பெரும்பாலும் வராது. பெம்பிகஸோ பலருக்கு வாயில் தொடங்கி, பல மாதங்கள் கழித்தே தோலுக்கு வருகிறது. திசுவைப் புண்ணின் நடுவிலிருந்து எடுக்காதீர்கள்; அங்கே மேற்தோலே இருக்காது. புண்ணை ஒட்டிய நல்ல பகுதியிலிருந்து இரண்டு துண்டுகள் எடுத்து, ஒன்றை ஃபார்மலினிலும், இம்யூனோஃபுளோரசன்ஸ் (திசுவில் படிந்த எதிர்ப்பொருளை ஒளிரச் செய்து காட்டும்) பரிசோதனைக்கான மற்றொன்றை அதற்கென உள்ள மைக்கேல் கரைசலிலும் அனுப்ப வேண்டும். இரண்டையும் ஃபார்மலினில் போட்டால் இரண்டாம் பரிசோதனை வீணாகும். ஸ்டீராய்டு வருவதற்கு முன் பெரும்பாலோரின் உயிரைப் பறித்த நோய் இது.

கேள்வி: ஈறு கருப்பாக இருப்பது நோயின் அறிகுறியா?

பதில்: சிறு வயது முதல் இருபுறமும் ஒரே சீராக இருந்தால் அது நம் இயல்பான நிறம். உள்கன்னத்தில் புதிதாகக் கருந்திட்டுகள் தோன்றி, களைப்பும் எடைக்குறைவும் எழுந்து நின்றால் தலைச்சுற்றலும் சேர்ந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியைப் பரிசோதிக்க வேண்டும். காசநோய் அச்சுரப்பியை அழிப்பது நம் நாட்டில் புதிதன்று.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பதால் ஈறு தடித்துவிட்டது. நிறுத்திவிடலாமா?

பதில்: தானாக நிறுத்தக் கூடாது. மருந்து எழுதியவரே மாற்றித் தருவார்.

கேள்வி: வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை போதுமா?

பதில்: உணவாகத் தாராளமாக உண்ணுங்கள். இரண்டு வாரம் கடந்த புண்ணுக்குப் போதாது.

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. மாடிப்படி ஏறினால் இடப்புறக் கீழ்த்தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது. எக்ஸ்ரேயில் பல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனாலும் ரூட் கேனால் செய்துவிடலாமா?

பதில்: பல்லைத் தொட வேண்டாம். நடந்தால் வந்து அமர்ந்தால் போகும் தாடைவலி இதயத்திலிருந்து வரலாம். இன்றே இதய மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஈசிஜி எடுங்கள். அது இயல்பாக வந்தாலும் படியேறும்போது வலிப்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஓய்விலிருக்கும்போதே வலி வந்தாலோ வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.