எம்மாவின் புரோநோட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாவலைச் சென்ற மாதம் படித்து முடித்தேன். நாயகி எம்மாவின் கனவுகளை அத்தனை நுட்பமாகச் சொல்லிவந்தவர், பிற்பகுதியில் கடன், தவணை, ஜப்தி என்று கணக்கெழுத உட்கார்ந்தது ஏன்? காதல் தோல்வி ஒன்றே அவளைக் கொல்லப் போதாதா?

ஒரு வாசகி, பாபநாசம்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. காதலன் ரொடோல்ஃப் கைவிட்டுப் போனபின் எம்மா 43 நாள் சுரத்தில் கிடக்கிறாள், பிறகு எழுந்துவிடுகிறாள். எழ முடியாதபடி அவளை வீழ்த்தியது நீங்கள் அலுப்புடன் கடந்த அந்தக் கணக்குதான்.

எம்மாவின் கனவு ஒருபோதும் வெறுங்கையோடு வருவதில்லை. பாரிஸுக்குப் போக வழியில்லாதபோது அந்நகரின் வரைபடத்தை வாங்கி, அதன் தெருக்களில் விரலால் நடக்கிறாள். ரொடோல்ஃபோடு ஓடிப்போவதென்று முடிவானதும் ஜவுளி வியாபாரி லெரோவிடம் பயணத்துக்கான மேலங்கியும் பெட்டியும் கடனுக்குச் சொல்லிவைக்கிறாள். பயணம் அவனுடைய ஒரு கடிதத்தோடு நின்றுபோகிறது, பெட்டி நிற்கவில்லை. அவள் நோயில் கிடக்கும்போதே லெரோ சரக்கோடு அவள் கணவன் சார்ல்ஸின் முன்னால் வந்து நிற்கிறான். ஒரு பெட்டி இரண்டாகியிருக்கிறது. நாவலில் இதைவிடக் கொடுமையான இடத்தை நான் கண்டதில்லை.

1857இல் இந்நாவலின்மேல் வழக்கு நடந்தபோது அரசுத் தரப்பு ஒழுக்கத்தையும் மதத்தையும் பற்றியே வாதிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் அந்த மன்றத்தில் இருந்திருந்தால் லெரோவைத்தான் முதலில் கூண்டில் ஏற்றச் சொல்லியிருப்பார்.

என் பாட்டியின் தம்பிக்கு நாடகப் பித்து. திருவையாற்றுக்குப் பக்கத்தில் இரண்டு வேலி நஞ்சை இருந்தது. 'சம்பா அறுத்ததும் தந்துவிடுகிறேன்' என்று சொல்லிச் சொல்லியே புரோநோட்டில் கையெழுத்திட்டு, திரையும் உடையுமாக வாங்கிக் குவித்தார். கடன் கொடுத்தவர் ஒருநாளும் கடுஞ்சொல் சொன்னதில்லையாம். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவாராம். நிலம் போனபின் மிஞ்சிய திரையைக் களத்தில் விரித்துப் பாட்டி நெல் காயவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஓர் அரண்மனை வரைந்திருந்தது. லெரோவும் அதே வகையில் கடன் கொடுப்பவன்: குனிந்து பேசுவான், அவசரமில்லை என்பான், பழைய சீட்டைத் தீர்க்கப் புதிய சீட்டு எழுதி வாங்குவான். அவன் பெயருக்கே பிரெஞ்சில் மகிழ்ச்சியுடையவன் என்று பொருள்.

இப்போது கடைசிப் பகுதியைத் திரும்பப் படியுங்கள். 8,000 பிராங்க் கட்டவேண்டும் என்று தீர்ப்பாகி, கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டபின், எம்மா ரொடோல்ஃபிடம் 3,000 பிராங்க் கேட்கிறாள். தன்னிடம் இல்லை என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை என்று ஃப்ளோபேரே சேர்த்துச் சொல்கிறார். சொல்லாமல் விட்டிருந்தால் இது ஒரு துரோகக் கதையாகச் சுருங்கியிருக்கும். எம்மாவோ அவன் அறையிலுள்ள துப்பாக்கியின் வெள்ளி வேலைப்பாட்டையும் கடிகாரத்தையும் காட்டி, இவையெல்லாம் பணமல்லவா என்று கத்துகிறாள். அதுவரை எந்தப் பொருளைக் கண்டாலும் அதில் ஒரு கனவைக் கண்டவள், முதன்முறையாக அதன் விலையைக் காண்கிறாள். கனவும் கணக்கும் மோதுவது எனக்கு இங்கேதான் நிகழ்கிறது. அவள் விழுங்கும் ஆர்செனிக் நஞ்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

எம்மாவோடு கணக்கு முடியவும் இல்லை. சார்ல்ஸும் இறந்தபின் எல்லாம் விற்றுத் தீர்ந்து, மகள் பெர்த் ஓர் ஏழை அத்தையிடம் போய்ச் சேர்கிறாள். அந்த அத்தை அவளைப் பஞ்சாலைக்குக் கூலி வேலைக்கு அனுப்புகிறாள். ஃப்ளோபேர் அதற்குச் சில வரிகளுக்குமேல் கொடுக்கவில்லை. அவசரத்தில் அவற்றைத் தாண்டிப் போயிருப்பீர்கள் என்பது என் ஊகம்.