போனில் நேரடியாகச் செருகிக் கேட்க எந்த குளோஸ்ட் பேக் (காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் மூடிய) ஹெட்போன் நல்லது?

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, சோனி எம்டிஆர் 7506, ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் ஆகிய மூன்றில் வெளியே எடுத்துப்போகத் தோதானது எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் தேர்வு எம்50எக்ஸ்.

டிடி 770-ன் மெத்தை மணிக்கணக்கில் போட்டிருந்தாலும் உறுத்தாது. ஆனால் மடங்காது, அதன் 250 ஓம் வகையை போனில் செருகினால் சத்தம் போதாது (ஓம் என்பது மின்தடை அளவு; அது கூடினால் போனில் சத்தம் குறையும்). சோனி மடங்கும், குரலைத் துல்லியமாகக் காட்டும். சுருள் ஒயர்தான் தொந்தரவு: கழற்ற முடியாது, நடக்கும்போது கனத்துக் கீழே இழுக்கும். எம்50எக்ஸ் 38 ஓம், போனே போதும். மடங்கும், 1.2 மீட்டர் ஒயரும் கூடவே வரும். ஒயர் பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தினமும் பையில் போட்டு எடுக்கும் பொருளுக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம், கண்ணாடி போடுபவரா? பிரேம் ஓரத்தில் சின்ன இடைவெளி விழுந்தாலே பேஸ் (அடித்தொனி ஒலி) மெலிந்துவிடும். கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள். மெத்தையை விரலால் லேசாக அழுத்தும்போது பேஸ் கூடுகிறதா? அப்படியென்றால் அது உங்கள் தலைக்குச் சரியாகப் பொருந்தவில்லை, வேறு மாடல் பாருங்கள். போனில் 3.5 மிமீ ஜாக் இல்லையென்றால் டைப்-சி அடாப்டரும் வேண்டும்.