வலிப்பைக் கண்டுபிடிக்கும் வாட்ச்: நம்பி வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. மாத்திரை சாப்பிட்டும் மாதம் ஒருமுறையாவது தூக்கத்தில் கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வலிப்பு வந்தால் உடனே போனில் அலாரம் அடிக்கும் வாட்ச் இருக்கிறதாம், “98 சதவீதம் துல்லியம்” என்று விளம்பரம் வருகிறது. இதையெல்லாம் எப்படிச் சோதிக்கிறார்கள்? - வாசகி, நாமக்கல்

பதில்: அந்த 98-ஐ முதலில் ஓரமாக வையுங்கள். எந்த வகை வலிப்பில், எத்தனை வலிப்பில், எங்கே வைத்துப் பார்த்தார்கள், ஒரு நாளைக்கு எத்தனை பொய் அலாரம் அடித்தது என்று சொல்லாமல் வெறும் சதவீதத்தைச் சொன்னால் அது விளம்பரம்தான், பரிசோதனை முடிவு இல்லை.

ஒழுங்கான சோதனை, மூளையின் மின் அலைகளையும் வீடியோவையும் சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி. வார்டில் நடக்கும். நோயாளியைச் சில நாள் அட்மிட் செய்து, தலை முழுக்க மின்முனைகளை ஒட்டி, கட்டிலுக்கு நேராக கேமராவை வைத்து, தேவைப்பட்டால் டாக்டர் மேற்பார்வையிலேயே மாத்திரையைக் குறைத்து வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். வாட்ச் பாட்டுக்குக் கையில் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் வாட்ச் என்ன சொன்னது என்றே தெரியாத நரம்பியல் டாக்டர்கள் பதிவைப் பார்த்து, இந்த நிமிடத்தில் வலிப்பு, இந்த நிமிடத்தில் இல்லை என்று குறிப்பார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டையும் ஒப்பிடுவது. சில கம்பெனிகள் எந்தப் பதிவை வைத்து மென்பொருளைப் பழக்கினார்களோ அதே பதிவிலேயே சோதித்து மார்க் போட்டுக்கொள்வதுண்டு, கேள்வித்தாளை முன்னாடியே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிற கதை. இதெல்லாம் கூடாது என்றுதான் பெனிட்ஸ்கி, ரிவ்லின் என்ற இரண்டு நிபுணர்கள் 2018-இல் இந்தச் சோதனைகளை 0 முதல் 4 வரை கட்டங்களாகப் பிரித்து வரையறை எழுதினார்கள். 4-ஆம் கட்டம் வீட்டில் நடப்பது.

எம்பாட்டிக்கா கம்பெனியின் எம்ப்ரேஸ் வாட்ச் அதே 2018-இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது. கை அசைவோடு, தோலில் வியர்வையால் மாறும் மின்கடத்தும் தன்மையையும் அது அளக்கிறது. சோதனையில் 135 பேர், எல்லோர் பதிவையும் கூட்டினால் 272 நாள், அதில் வந்த 40 பெரிய வலிப்புகளையும் பிடித்துவிட்டது. நூற்றுக்கு நூறு! ஆனால் 40-க்கு 40 என்றால் என்ன அர்த்தம்? இவ்வளவு குறைந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், உண்மையில் நூற்றில் ஏழெட்டைத் தவறவிடும் வாட்ச்கூட அதிர்ஷ்டம் இருந்தால் இதே முடிவைக் காட்டியிருக்கலாம். குறை சொல்லவில்லை, அந்த வாட்ச் நல்ல வாட்ச்தான், எண்ணைப் படிக்கிற விதம் அப்படி.

இன்னொன்று, வார்டில் ஆள் பெரும்பாலும் படுத்தே இருப்பார். வீட்டில் பல் தேய்ப்பார், தேங்காய் துருவுவார், கை தட்டுவார். ஒரே தாளத்தில் மணிக்கட்டு ஆடினால் வாட்சுக்குச் சந்தேகம் வந்துவிடும். இரவு பத்து முறை பொய்யாக அடித்தால் பதினோராவது முறை நீங்களே அணைத்துவிட்டுத் தூங்குவீர்கள். நெதர்லாந்தில் நைட்வாட்ச் என்ற, மேல் கையில் கட்டும் கருவியை, மருத்துவ விடுதிகளில் தங்கியிருந்த 28 பேரிடம் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 65 இரவுகள் கட்டிப் பார்த்தார்கள். பெரிய வலிப்புகளில் 86 சதவீதத்தைப் பிடித்தது, பொய் அலாரம் நாலு இரவுக்கு ஒன்று. கட்டிலில் வைக்கும் பழைய சென்சார் அதே ஆட்களிடம் பிடித்தது 21 சதவீதம்தான். அந்த 86-ஐ உங்கள் விளம்பரத்தின் 98-ஐவிட நான் அதிகம் நம்புவேன்.

உங்கள் மகனுக்கு வருவது தூக்கத்தில் வரும் பெரிய வலிப்பு என்பதால், டாக்டரைக் கேட்டு, முறையாகச் சோதித்த கருவியாகப் பார்த்து வாங்கலாம். நடையை எண்ணும் சாதாரண ஸ்மார்ட்வாட்ச் இதற்கு ஆகாது.

கேள்வி: என் மகள் சில நொடி அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி பேச ஆரம்பிக்கிறாள். டாக்டர் இதுவும் வலிப்பு என்கிறார். வாட்ச் இதைக் காட்டுமா? - வாசகர், தென்காசி

பதில்: காட்டாது. கை அசையாத வலிப்பை மணிக்கட்டில் பிடிப்பது கஷ்டம். 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் கை கால் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்புக்கு மட்டுமே இந்தக் கருவிகளைப் பரிந்துரைக்கிறது, அதுவும் அலாரம் அடித்தால் ஐந்து நிமிடத்துக்குள் ஓடிவர ஆள் இருந்தால். காசை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: அலாரம் அடித்து ஓடிப் போனால் என்ன செய்வது? சாவி கொடுக்கலாமா? - வாசகி, கடலூர்

பதில்: சாவி, இரும்பு எதுவும் வேண்டாம், அதனால் வலிப்பு நிற்காது. குப்புறக் கிடந்தால் ஒருபக்கமாகத் திருப்புங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம் இந்த வாட்ச்கள் பலவும் போன் வழியாகத்தான் அலாரம் அனுப்பும், ராத்திரி போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள்.